பிறர் எழுதிய நிரலுக்குத் தனிக் கெர்னல்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றில் நிரலாக்க ஆய்வகத்தின் போக்கு மாறியிருக்கிறது. மாணவர் சி மொழியிலோ பைத்தானிலோ நிரல் எழுதி உலாவி வழியாக அனுப்புகிறார்; கல்லூரி சர்வர் அதை ஓட்டிப் பார்த்து, விடை சரியா என்று மதிப்பெண் போடுகிறது. திருத்தும் ஆசிரியருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நிர்வாகம் இங்கே செய்வது என்ன? யார் எதை எழுதி அனுப்பினாலும் வாங்கித் தன் சொந்த இயந்திரத்தில், பெரும்பாலும் மதிப்பெண் தரவுத்தளம் இருக்கும் அதே இயந்திரத்தில், ஓடவிடுகிறது. "ஒவ்வொரு நிரலும் தனித்தனி டாக்கர் கன்டெய்னர்லதான் சார் ஓடுது, ஒண்ணும் ஆகாது" என்பதுதான் ஆய்வகப் பொறுப்பாளர்களிடமிருந்து என் காதில் அதிகம் விழும் பதில். அந்த 'ஒண்ணும் ஆகாது' எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க, கன்டெய்னருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் தேடினால் 'கன்டெய்னர்' என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அங்கே இருப்பது வழக்கமான புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான். அதன் கண்ணுக்கு எந்தக் கோப்புகள், எந்த நெட்வொர்க், எந்தப் பிற புராசஸ்கள் தெரியலாம் என்பதை நேம்ஸ்பேஸ்கள் முடிவு செய்கின்றன. எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு என்பதை சிகுரூப் பார்த்துக்கொள்கிறது. இவை ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டப்பட்டவை அல்ல. கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் புராசஸுக்குக் காட்டும் சிஎச்ரூட் 1979-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. லினக்ஸில் முதல் நேம்ஸ்பேஸ் 2002-இல் வந்தது, சிகுரூப் 2008 தொடக்கத்தில், பயனர் நேம்ஸ்பேஸ் 2013-இல். 2013 மார்ச்சில் வெளியான டாக்கர் இந்தத் துண்டுகளை ஒன்றாகக் கட்டி, ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒரே இமேஜாக்கி எங்கும் எடுத்துப்போகும் வழியைக் கொடுத்தது. 'என் லேப்டாப்பில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை' என்ற தீராத தலைவலிக்கு அது மருந்து. அந்த மருந்துக்காகத்தான் உலகமே கன்டெய்னருக்கு மாறியது. பாதுகாப்பு அதன் முதல் நோக்கமாக இருந்ததில்லை.

எல்லாக் கன்டெய்னர்களுக்கும் கெர்னல் ஒன்றே. ஒரு நிரல் கோப்பைத் திறக்க, நினைவகம் கேட்க, நெட்வொர்க்கில் ஒரு வரி அனுப்ப, எதற்கும் கெர்னலிடம் சிஸ்டம் கால் என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு நடுவே திரை கட்டி, ஒருவர் இன்னொருவரைப் பார்க்க முடியாமல் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; எல்லா மனுவும் போய்ச் சேருவது ஒரே எழுத்தரின் மேசைக்கு. அந்த எழுத்தரை ஒருவர் ஏமாற்றிவிட்டால், அங்கிருக்கும் அத்தனை கோப்பும் அவர் கைக்குப் போய்விடும். திரை இருந்தும் பயனில்லை.

இன்டெல், ஏஎம்டி சிப்களில் லினக்ஸ் தரும் சிஸ்டம் கால்கள் 300-க்கும் மேல். அவற்றில் ஆபத்தானவை என்று கருதப்படும் ஏறக்குறைய 44-ஐ டாக்கர் தன் இயல்பு அமைப்பிலேயே செக்காம்ப் வடிகட்டி மூலம் தடுத்துவிடுகிறது. நல்ல வேலைதான். மிச்சம் இருக்கும் 250-க்கு மேற்பட்ட வாசல்கள் திறந்தே இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கோடிக்கணக்கான வரிகள் கொண்ட சி நிரல் நிற்கிறது. அவ்வளவு பெரிய நிரலில் பிழையே இருக்காது என்று யாரும் உறுதி தர முடியாது, லினக்ஸைப் பராமரிப்பவர்களும் தருவதில்லை.

நடந்தவற்றைப் பார்ப்போம். 2016 அக்டோபரில் வெளிவந்த 'டர்ட்டி கௌ' பிழை 2007 முதலே கெர்னலில் கிடந்தது. வாசிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பில் எழுத அது வழிவிட்டது. அதை வைத்துக் கன்டெய்னரிலிருந்து வெளியேறவும் முடியும் என்று சிலர் செய்தே காட்டினார்கள். 2022 மார்ச்சில் அதே வகையைச் சேர்ந்த 'டர்ட்டி பைப்' வந்தது. கெர்னலில் மட்டுமல்ல, கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் ரன்சி என்ற சிறு கருவியிலும் ஓட்டைகள் வந்தன. 2019 பிப்ரவரியில் வெளியான பிழையில், உள்ளே இருக்கும் நிரல் வெளியே உள்ள ரன்சி கோப்பையே மாற்றி எழுத முடிந்தது. அடுத்த முறை யாராவது கன்டெய்னரைத் தொடங்கினால் ரூட் என்ற முழு நிர்வாகி அதிகாரத்தோடு ஓடுவது தாக்குபவரின் நிரல். 2024 ஜனவரியில் இன்னொன்று, 2025 நவம்பரில் மேலும் மூன்று. எல்லாமே வெளியான கையோடு சரிசெய்யப்பட்டன, உண்மை. ஆனால் செமஸ்டர் தொடங்கும்போது நிறுவிய சர்வரை அடுத்த செமஸ்டர் வரை தொடாமல் வைத்திருக்கும் இடங்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கெர்னல் பிழைகூடத் தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. நான் பார்த்த ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் கண்ணில் படுவது அதுதான். மாணவர்கள் கன்டெய்னர் பழகட்டும் என்று அவர்களின் கணக்கை சர்வரில் 'டாக்கர்' குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் இருப்பதும் ரூட் கடவுச்சொல் கையில் இருப்பதும் ஒன்றே. சர்வரின் முழுக் கோப்பு மரத்தையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்யச் சொல்லி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எந்தக் கோப்பையும் படிக்கலாம், மாற்றலாம். இதில் மாணவரின் கெட்ட எண்ணம்கூட அவசியமில்லை. ஆர்வக் கோளாறு போதும். டாக்கரின் கட்டுப்பாட்டு சாக்கெட்டைக் கன்டெய்னருக்குள் கொடுத்துவிடுவதும் இதே வகைதான். இனி சொல்லப்போகும் எந்தப் புதுத் தொழில்நுட்பமும் இந்தக் கதவைச் சாத்தாது. எனவே வேறு எதைச் செய்யும் முன்பும் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இனி அடுத்த பாதைக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் கெர்னலையே தனியாகக் கொடுத்துவிட்டால்? அதுதான் விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. இந்த எண்ணம் கன்டெய்னரைவிடப் பழையது. இன்டெல் தன் சிப்புகளில் இதற்கான வன்பொருள் ஆதரவை 2005-இல் கொண்டுவந்தது, ஏஎம்டி 2006-இல். அதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007-இல் லினக்ஸ் கெர்னலின் பகுதியானது. சிபியுவிலேயே இரண்டு நிலைகள்: ஹோஸ்ட் எனும் உண்மை இயந்திரம் ஓடுவது ஒன்றில், உள்ளே இருக்கும் கெஸ்ட் எனும் விர்ச்சுவல் மெஷின் ஓடுவது இன்னொன்றில். கெஸ்ட் எந்த நினைவகப் பக்கத்தைத் தொடலாம் என்பதற்கு ஹோஸ்ட் வைத்திருக்கும் இரண்டாவது அட்டவணையை சிப்பே ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது. மாணவரின் நிரல் விடுக்கும் சிஸ்டம் கால் அந்த மெஷினுக்குள் இருக்கும் கெர்னலோடு முடிந்துவிடும், ஹோஸ்ட் கெர்னலுக்கு வராது. டர்ட்டி பைப் போன்ற ஒன்றை வைத்து உள்ளே இருக்கும் கெர்னலைக் கைப்பற்றினாலும், அவருக்குக் கிடைப்பது அவருடைய நிரல் மட்டுமே இருக்கும் ஒரு காலி இயந்திரம்.

பிறகு ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை? எடை. பழைய பாணி விர்ச்சுவல் மெஷின், ஒரு முழு கணினி இருப்பதாகவே பாவனை செய்யும். பயாஸ் வரும், பூட்லோடர் வரும், பிசிஐ பஸ், விஜிஏ கார்டு, யுஎஸ்பி, ஃபிளாப்பி டிரைவ் வரை எல்லாம் மென்பொருளில் செய்த போலிகள். தொடங்கப் பல விநாடிகள், நூற்றுக்கணக்கான எம்பி நினைவகம். இரண்டு விநாடி ஓடி முடியும் மாணவர் நிரலுக்கு இது கட்டுப்படியாகாது. அந்தப் போலிகளே ஆபத்தாகவும் ஆயின. 2015 மே மாதம் வெளியான 'வெனம்' பிழை, இப்படிப் போலிச் சாதனங்களைச் செய்து தரும் கியூஎமு என்ற எமுலேட்டரின் ஃபிளாப்பி கன்ட்ரோலரில் இருந்தது. 2004 முதல் அங்கேயே கிடந்த நிரல்வரிகள் அவை. ஃபிளாப்பி வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தவர்களையும் அது விடவில்லை. யாரும் தொடாத ஒரு சாதனத்துக்காக மதிலில் பதினோரு ஆண்டு ஓட்டை இருந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் 2018 முக்கியமாகிறது. அதற்குச் சற்று முன், 2017 டிசம்பரில், இன்டெலின் கிளியர் கன்டெய்னர்ஸும் ஹைப்பர் நிறுவனத்தின் ரன்வியும் ஒன்றிணைந்து காட்டா கன்டெய்னர்ஸ் என்ற திட்டம் பிறந்தது. 2018 மே மாதம் கூகுள் ஜிவைசரை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமேசான் வெப் சர்வீசஸ் ஃபயர்கிராக்கரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அந்நிய நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் இந்த மூன்று கருவிகளும் வேறு வேறு கைகளிலிருந்து வந்தாலும், பல வாடிக்கையாளர்களின் நிரலை ஒரே இயந்திரத்தில் ஓட்டுபவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: பகிர்ந்த கெர்னலை மட்டும் நம்பி அந்நியர்களை அருகருகே உட்காரவைக்க முடியாது. அமேசானே, வாடிக்கையாளர் தரும் நிரலை ஓட்டித்தரும் தன் லாம்டா சேவையின் முதல் ஆண்டுகளில், ஒரே வாடிக்கையாளரின் நிரல்களைக் கன்டெய்னர்களாலும், வாடிக்கையாளர்களை ஒருவரிடமிருந்து ஒருவரை முழு விர்ச்சுவல் மெஷின்களாலும் பிரித்து வைத்திருந்தது. அந்த இரண்டாவது ஏற்பாட்டின் செலவைக் குறைக்கப் பிறந்ததே ஃபயர்கிராக்கர்.

அது செய்த காரியம் எளிமையாகச் சொன்னால் கழித்தல். பயாஸ் இல்லை, பூட்லோடர் இல்லை; கெர்னலை நேரடியாக நினைவகத்தில் ஏற்றி ஓடவிடுகிறது. சாதனங்கள் என்று பார்த்தால் தொடக்க ஆண்டுகளில் ஐந்துதான்: நெட்வொர்க், டிஸ்க், ஹோஸ்டோடு பேச ஒரு விசாக், எழுத்துகள் மட்டும் வந்துபோகும் ஒரு சீரியல் கன்சோல், மெஷினை நிறுத்தச் சொல்ல மட்டுமே பயன்படும் ஒரு கீபோர்டு கன்ட்ரோலர். 2020-இல் அதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட ஆய்வுரைப்படி கியூஎமு 14 லட்சம் வரிகளுக்கு மேல், ஃபயர்கிராக்கர் சுமார் 50,000 வரி. அதுவும் நினைவகப் பிழைகளைத் தொகுக்கும்போதே பெருமளவு தடுக்கும் ரஸ்ட் மொழியில். தொடங்கச் சொன்னதிலிருந்து உள்ளே முதல் புராசஸ் ஓடுவது வரை 125 மில்லிவிநாடிக்குள் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொரு விஷயம். ஃபயர்கிராக்கர் புராசஸையே ஒரு ஜெயிலர் கருவி சிஎச்ரூட், நேம்ஸ்பேஸ், சிகுரூப், செக்காம்ப் எல்லாம் போட்டு அடைத்து வைக்கிறது. அதாவது விர்ச்சுவல் மெஷினின் மதிலை உடைத்து யாராவது வெளியே வந்தால், அவர் வந்து நிற்பது ஒரு கன்டெய்னருக்குள். அந்த ஆய்வுரை சொல்லும் கணக்கில் அங்கே அனுமதிக்கப்பட்ட சிஸ்டம் கால்கள் 24 மட்டுமே. டாக்கர் 44-ஐத் தடுக்கிறது, இவர்கள் 24-ஐ மட்டும் அனுமதிக்கிறார்கள். கன்டெய்னர் தொழில்நுட்பத்தை யாரும் தூக்கி எறியவில்லை. அதற்கு ஏற்ற இடத்தில், இரண்டாவது மதிலாக வைத்திருக்கிறார்கள்.

ஃபயர்கிராக்கர் பற்றிப் பேசும்போது 'ஒரு மெஷினுக்கு 5 எம்பிதான்' என்ற பேச்சு அடிக்கடி வரும். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு சர்வர் வாங்குபவர்கள் உண்டு. அந்த 5 எம்பி, மெஷினை நடத்தும் புராசஸுக்கு ஆகும் கூடுதல் செலவு. உள்ளே இருக்கும் கெர்னலுக்கும் நிரலுக்கும் கொடுக்கும் நினைவகம் அதில் சேராது. 60 பேர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டால், ஆளுக்கு 128 எம்பி மெஷின் என்றால் 7,680 எம்பி. அதோடு நடத்தும் செலவு 300 எம்பி. சேர்த்து 8 ஜிபிக்குள். 16 ஜிபி உள்ள ஒரு சாதாரண சர்வரே, 60 பேரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினாலும் நினைவகத்தைப் பொறுத்தவரை தாங்கும். ஆனால் 60 நிரலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. வரிசையில் வைத்துப் பத்துப் பத்தாக ஓட்டினால் மாணவர் காத்திருப்பது சில விநாடிகள், நினைவகம் ஒன்றரை ஜிபிகூடத் தேவைப்படாது. ஜாவா போல நினைவகத்தை அள்ளிக் குடிக்கும் மொழிகளுக்கு மட்டும் 128 போதாது, ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஃபயர்கிராக்கரை நேரடியாக இயக்க ஓரளவு உழைப்பு வேண்டும்: கெர்னல் கோப்பு, டிஸ்க் இமேஜ், நெட்வொர்க் எல்லாம் நாமே தயார்செய்ய வேண்டும். ஏற்கெனவே டாக்கர் இமேஜ்கள் வைத்திருப்பவர்களுக்குக் காட்டா எளிது. டாக்கருக்கு அடியில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கன்டெய்னர்டி வழக்கமாக ரன்சியை அழைக்கும் இடத்தில் காட்டாவை அழைக்கும்படி மாற்றுகிறோம். அது ஒரு சிறு விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கி, உள்ளே இருக்கும் ஏஜென்ட்டோடு விசாக் வழியே பேசி, நம் இமேஜை அங்கே ஓடவைக்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு அதே கன்டெய்னர், அதே கட்டளைகள். அடியில் கியூஎமு, கிளவுட் ஹைப்பர்வைசர், ஃபயர்கிராக்கர் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஃபயர்கிராக்கரில் ஹோஸ்டின் கோப்புறையைப் பகிரும் விர்ட்டியோ-எஃப்எஸ் வசதி இல்லை என்பதால் இமேஜை டிஸ்காக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு கூடுதலாகத் தேவைப்படும். ஜிபியு கொடுக்க வேண்டியிருந்தால் கியூஎமு போன்ற ஒன்றின் பக்கம் போக வேண்டும். பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில், எதை எதில் ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் ரன்டைம்கிளாஸ் என்ற வசதி 2020 இறுதியில் வந்த 1.20 பதிப்பிலிருந்து முழுமை பெற்றது. நம்பகமான சேவைகளை ரன்சியிலும், வெளியார் நிரலைக் காட்டாவிலும் ஒரே கிளஸ்டரில் ஓட்டலாம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: காட்டாவில் மதில், பாட் எனப்படும் கன்டெய்னர் தொகுப்பு ஒவ்வொன்றையும் சுற்றித்தான். ஒரே பாடுக்குள் இரண்டு கன்டெய்னர் வைத்தால் அவை இரண்டும் ஒரே கெர்னலைத்தான் பகிரும். இரண்டு மாணவர் நிரலை ஒரு பாடில் போட்டுவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஜிவைசர் வேறு வழியில் போகிறது. அது விர்ச்சுவல் மெஷின் இல்லை. கோ மொழியில் எழுதிய ஒரு பயனர்நிலைக் கெர்னல், நிரலின் சிஸ்டம் கால்களைத் தானே வாங்கிப் பதில் சொல்கிறது; உண்மையான கெர்னலுக்குக் கொஞ்சமே போகவிடுகிறது. வன்பொருள் ஆதரவு இல்லாத இடத்திலும் ஓடும் என்பது இதன் பெரிய பலம். கோப்பு, நெட்வொர்க் வேலை அதிகமுள்ள நிரல்கள் இதில் வேகம் குறையும். எல்லா சிஸ்டம் காலுக்கும் ஆதரவு இல்லாததால் சில ஓடாமலும் போகும். வரிசைப்படுத்தல், அணிப்பெருக்கல் போன்ற பாட நிரல்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

2025 ஜூனில் ஆப்பிளும் இந்தப் பக்கம் வந்தது. மேக் கணினியில் லினக்ஸ் கன்டெய்னர்களை ஓட்ட அது வெளியிட்ட திறந்த மூலக் கருவி, கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிறு விர்ச்சுவல் மெஷினையே தருகிறது. அதுவரை மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் ஒரே லினக்ஸ் மெஷினைத் தொடங்கி அதற்குள் எல்லாக் கன்டெய்னரையும் வைத்தே பழகியிருந்தோம்.

மதிலுக்கும் எல்லை உண்டு. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன், அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த எல்1டிஎஃப் ஆகியவை சிப்பின் உள்ளே இருந்த கோளாறுகள். ஒரே கோரின் இரு திரிகளை இரண்டு அந்நியர்கள் பகிர்ந்தால், ஒருவரின் தரவு இன்னொருவருக்குக் கசிய வாய்ப்பு இருந்தது. அதனால்தான் ஃபயர்கிராக்கரின் சொந்த வழிகாட்டுதலே, ஒரு கோரில் இரு திரிகளை ஓட்டும் ஹைப்பர்திரெடிங்கை அணைக்கவும், ஒரே மாதிரி நினைவகப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் கேஎஸ்எம்மை அணைக்கவும் சொல்கிறது. ஓடும் மெஷினின் நிலையை அப்படியே சேமித்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மெஷின்களை நகலெடுத்தால் தொடக்கம் இன்னும் வேகமாகும், ஆனால் எல்லா நகலிலும் ரேண்டம் எண்களின் விதை ஒன்றாகவே இருக்கும் அபாயம் உண்டு. ரகசியச் சாவி உருவாக்கும் வேலைக்கு அது கூடாது. நெட்வொர்க்கும் அப்படியே. எவ்வளவு உறுதியான மெஷினாக இருந்தாலும், அதிலிருந்து கல்லூரியின் உள் நெட்வொர்க்குக்குப் போக வழி இருந்தால் தரவுத்தளத்தின் வாசல்வரை வந்துவிடலாம். மாணவர் நிரலுக்கு நெட்வொர்க்கே தேவையில்லை. கொடுக்காமல் விடுவதே சரி.

இதையெல்லாம் கிளவுடில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு தயக்கம் நியாயமானது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரைகடந்து ஊரையே வெள்ளக்காடாக்கியது. இத்தகைய நாள்களில் மின்சாரத்தோடு ஃபைபரும் போகும். ஜெனரேட்டர் ஓடும் கல்லூரியில் உள்ளூர் சர்வர் இருந்தால் ஆய்வகமாவது நடக்கும். ஒரு நிரலுக்கு ஒரு மெஷின், முடிந்ததும் அழித்துவிடு என்ற முறை இங்கே இன்னொரு வகையிலும் உதவுகிறது: மின்சாரம் நடுவில் போனால் இழப்பது அப்போது ஓடிக்கொண்டிருந்த சில நிரல்களை மட்டுமே. வரிசை டிஸ்கில் இருக்கும்வரை, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கிளவுடில்தான் என்று முடிவு செய்தால் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே வாடகைக்குக் கிடைக்கும் சர்வரே ஒரு விர்ச்சுவல் மெஷின் என்பதை. அதற்குள் இன்னொரு விர்ச்சுவல் மெஷினைத் தொடங்க, வழங்குபவர் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷனைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். மலிவான விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்) திட்டங்கள் பலவற்றில் அது இருக்காது. சர்வரின் டெவ் கோப்புறைக்குள் கேவிஎம் என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு ஜிவைசர்தான்.

இன்னொருவர் எழுதிய நிரலை ஓட்டும் வேலை கல்லூரிகளோடு நிற்கவில்லை. விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்யும் புதுச்சேரியின் சிறு நிறுவனங்களுக்கு அவர்களே எழுதிய நிரலை ஓட்டக் கன்டெய்னரே போதும். அங்கே போய்க் காட்டாவை நிறுவச் சொல்வது வீண் சுமை. ஆனால் அதே நிறுவனம் வாடிக்கையாளரின் பிளக்இன்னை ஏற்கத் தொடங்கினால், அல்லது செயற்கை நுண்ணறிவு மாடல் எழுதித் தரும் நிரலை மனிதக் கண் படும் முன்பே ஓட்டிப் பார்க்கத் தொடங்கினால், அதன் நிலை ஆய்வகத்தின் நிலைதான். மாடல் எழுதிய நிரலுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்வதில் பயனில்லை. அது படித்த ஒரு வலைப்பக்கத்தில் யாராவது ஒளித்துவைத்த கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருக்கலாம்.

ஆய்வகத்தில் முயன்றுபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. புது சர்வர் வாங்க வேண்டும் என்று அவசியமில்லை. கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய ஐ5 டெஸ்க்டாப்கள் எல்லாவற்றிலும் இதற்கான வன்பொருள் இருக்கிறது. பல கணினிகளில் அது பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்ற வரியைத் தேடி இயக்கிவிட்டு, இயந்திரத்தை ஒரு முறை முழுவதும் அணைத்துத் திரும்பப் போட வேண்டும். மதிப்பெண் தரவுத்தளத்தை வேறு கணினிக்கு மாற்றிவிட்டு, டாக்கர் குழுவிலிருந்து மாணவர் கணக்குகளை நீக்கிவிட்டு, அந்தப் பழைய டெஸ்க்டாப்பில் காட்டாவை நிறுவி ஒரு வகுப்பின் நிரல்களை ஓட்டிப் பார்க்கலாம்.